துடிப்பு மட்டும் போதுமா?

கண்ணாடித் தட்டிலே மனித ஹிருதயத்தின் தசையணுக்கள் தாமாகவே துடிக்கின்றன என்னும் செய்தி உலகெங்கும் பெருத்த உற்சாகத்தை விளைத்திருக்கிறது. 2006-ல் எலியின் அணுக்களையும், 2007-ல் மனித அணுக்களையும் ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிக் காட்டிய ஜப்பானிய நிபுணர் ஷின்யா யாமனாகா, 2012-ல் ஜான் கர்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் வகுத்த வழியில் கிடைக்கும் அணுக்களைச் சில வாரங்களில் ஹிருதயத் தசையாக மாற்ற முடிகிறது.

உற்சாகம் நியாயமானதே. கடுமையான மாரடைப்பு ஒன்றில் சுமார் 100 கோடித் தசையணுக்கள் மாண்டுபோகக்கூடும். முதிர்ந்த ஹிருதயமோ ஆண்டொன்றுக்கு நூற்றில் 1 பங்கைக்கூடப் புதிதாக ஆக்கிக்கொள்வதில்லை. ஆயினும், துடிப்பைக் கண்ட மாத்திரத்தில் காரியம் கைகூடிவிட்டதென்று முடிவு கட்டுவது விவேகமாகாது.

நம் உடலின் அணுக்களில் அடங்கியுள்ள ஜீன்கள் ஏறக்குறைய ஒன்றே. அவற்றுள் எவை விழித்திருக்கின்றன, எவை உறங்குகின்றன என்பதே அணுவின் தொழிலையும் முதிர்ச்சியையும் நிர்ணயிக்கிறது. கர்ப்பத்திலுள்ள சிசுவின் ஹிருதயம் ஒரு வகை ட்ரோபோனின் புரதத்தைக் கையாள்கிறது; பிறந்த பின் அதற்குரிய ஜீன் அடங்க, வேறொரு ஜீன் அதன் ஸ்தானத்தை வகிக்கிறது. சிசுவின் ஹிருதயம் சர்க்கரையை நம்பியிருக்கிறது. வளர்ந்த ஹிருதயம் பெரும்பாலும் கொழுப்பை எரித்து உழைக்கிறது. தட்டில் வளர்ந்த அணுக்களிலோ சிசுப் பருவத்து ஜீன்களே மேலோங்கி நிற்கின்றன.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. வளர்ந்த ஹிருதயத்தின் கீழறைத் தசை தானாகத் துடிப்பதில்லை. கட்டளை வரும்வரை காத்திருக்கிறது. ஆகவே, நாம் கண்டு வியக்கும் அத்துடிப்பே முதிராமையின் அடையாளமன்றோ! 2014-ல் அமெரிக்காவின் ஸியாட்டில் நகர ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய அணுக்களைக் குரங்குகளின் ஹிருதயத்தில் செலுத்தினர். தசை ஒட்டி வளர்ந்தது. கூடவே துடிப்பின் ஒழுங்கும் கெட்டது.

பரிகாரம் இல்லாமல் இல்லை. 2018-ல் கொலம்பியா சர்வகலாசாலையார் இளம் அணுக்களுக்கு மின்சாரத் தூண்டுதலை நாளுக்கு நாள் மிகுதியாக்கி, 4 வாரங்களில் முதிர்ச்சியின் பல குறிகளைத் தோற்றுவித்தனர். 2023-ல் ஸியாட்டில் குழுவினர் மூன்று ஜீன்களை நீக்கி, ஒன்றை ஓங்கச் செய்து, பன்றிகளில் துடிப்புக் கோளாறு நீடிக்காமல் தடுத்தனர்.

2020-ல் ஒஸாகா சர்வகலாசாலை வைத்தியர்கள் இவ்வகை அணுக்களாலான மெல்லிய ஏட்டை நோயாளியின் ஹிருதயத்தின்மேல் பொருத்தினர். விஷயம் ஆராய்ச்சிசாலையைக் கடந்து மனிதரிடம் வந்துவிட்டது. எனவே, "துடிக்கிறதா?" என்ற கேள்வியோடு நிற்பது தகாது. எந்த ஜீன்கள் விழித்தன, எவை அடங்கின, மின்னோட்டம் ஒழுங்காயிருக்கிறதா என்று அளந்து காட்டும்படி கேட்பது நோயாளியின் உரிமை. காட்டுவது வைத்தியரின் கடமை. பிஞ்சைக் கனியென்று விற்பவரிடம் உயிரை ஒப்புவிக்க எவரும் கடமைப்பட்டவரல்லர்.