மீனும் சுதந்திரமும்

ஒரு தேசத்தின் சுதந்திரத்துக்கு மீன் உதவி செய்ததுண்டா? கானடாவின் சரித்திரத்தில் உண்டு!

1867-இல் நான்கு மாகாணங்கள் சேர்ந்து கானடா ராஜ்யம் ஏற்பட்டது. உள்நாட்டுக் காரியங்களைக் கவனிக்கப் பார்லிமெண்டும் மந்திரி சபையும் அமைந்தன. ஆனால் அந்நிய நாடுகளுடன் பேசும் அதிகாரம் லண்டனிலேயே இருந்தது. அதன் பலன் என்ன? 1914-இல் பிரிட்டன் ஜெர்மனிமீது யுத்தம் தொடுத்ததும் கானடாவும் யுத்தத்தில் இறங்கியதாயிற்று. வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அதற்கு இல்லை. அந்த யுத்தத்தில் மாண்ட கானடியர் 60,000-க்கு மேல்.

1923-இல் பஸிபிக் கடலின் ஹாலிபட் மீன்வளத்தைக் காக்க அமெரிக்காவுடன் ஓர் உடன்படிக்கை தயாராயிற்று. வழக்கப்படி பிரிட்டிஷ் தூதரும் கையொப்பமிட வேண்டும். பிரதம மந்திரி மக்கென்ஸி கிங் இதற்கு இணங்கவில்லை. மார்ச் 2-ஆம் தேதி, வாஷிங்டனில், கானடா மந்திரி எர்னெஸ்ட் லபுவான்ட் ஒருவரே தம் நாட்டின் சார்பில் கையொப்பமிட்டார்.

1931-இல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் பிறந்தது. 1939-இல் பிரிட்டன் யுத்தப் பிரகடனம் செய்து ஒரு வாரம் சென்ற பிறகு, தன் பார்லிமெண்டில் விவாதித்தே கானடா யுத்தத்தில் இறங்கியது. எனினும், தன் அரசியல் சட்டத்தை முற்றிலும் தானே திருத்திக்கொள்ளும் உரிமை 1982-இல்தான் கிட்டியது.

மீனுக்காக இட்ட கையொப்பம் அற்பமானதன்று. பிள்ளைகளைப் போர்க்களத்துக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்கும் உரிமைக்கு அதுவே முதற்படி.