கண்ணுக்குத் தெரியாத தொண்டர்கள்

'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்பது நம் முன்னோர் வாக்கு. துரும்பையாவது கண்ணால் காணலாம். கண்ணுக்கே புலப்படாத நுண்ணுயிர்கள் நமக்கு உதவுமா? 'கிருமி' என்றதும் காய்ச்சலும் காலராவுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மனிதன் கெடுத்த மண்ணையும் நிலத்தடி நீரையும் தூய்மை செய்யும் தொண்டர்களும் அவற்றுள் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்றோர் ஊர் உள்ளது. 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், அவ்வூருக்கு அருகே எண்ணெய்க் குழாய் ஒன்று உடைந்தது. ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் நிலத்தில் கொட்டியது. இயன்றவரை அகற்றிய பின்னரும் சுமார் 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள் தங்கிவிட்டது. 1983 முதல் அறிவியல் அறிஞர்கள் அவ்விடத்தை ஆராயத் தொடங்கினர்.

அவர்கள் கண்டது என்ன? எண்ணெயிலிருந்து பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் நிலத்தடி நீரில் கரைந்தன. ஆயினும் நீர் செல்லும் தொலைவுக்கெல்லாம் அவை செல்லவில்லை. காரணம், அம்மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்த பாக்டீரியாக்கள் அவற்றை உணவாகக் கொண்டு சிதைத்துவிட்டன! எண்ணெய் என்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்ததே. காற்று கிடைத்தால் பாக்டீரியாக்கள் அதைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றிவிடுகின்றன. யாரும் ஏவாமல், கூலி கேளாமல் நடக்கும் தொண்டு இது.

அப்படியானால் எதையும் மண்ணில் கொட்டலாம், கிருமிகள் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடலாமா? கூடாது என்பதே எங்கள் கருத்து.

ஆழத்தில் காற்று இல்லாத இடத்தில் இவ்வேலை மிக மெதுவாகவே நடக்கிறது. பெமிட்ஜியில் ஒரே நாளில் கொட்டிய எண்ணெய் நாற்பது ஆண்டுகள் கடந்தும் முற்றிலும் மறையவில்லை. அது மட்டுமன்று. எண்ணெயைச் சிதைப்பதுபோல் உலோகத்தைச் சிதைக்க எந்த உயிராலும் இயலாது. நம் தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில், 1990களில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. நிலத்தடி நீரும் நஞ்சாயிற்று. நீரில் எளிதாகக் கரையும் கொடிய குரோமியத்தை, அவ்வளவாகக் கரையாத, நச்சுத்தன்மை குறைந்த வடிவமாக மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் குரோமியம் மண்ணிலேதான் இருக்கும். கிணற்றை நம்பி வாழ்ந்த உழவருக்கும், குடம் சுமக்கும் தாய்மாருக்கும் அது போதுமான ஆறுதலாகுமா?

ஆகவே, கழிவை உண்டாக்கியவர்களே முதலில் அதை அகற்ற வேண்டும். அகற்ற முடியாமல் எஞ்சியதற்கே நுண்ணுயிர்களின் துணையை நாட வேண்டும். அவற்றுக்கு வேண்டிய காற்றையும் சத்தையும் அளித்து, பொறுமையோடு காத்திருந்து, நீரைச் சோதித்த பின்னரே 'தூய்மை ஆயிற்று' என்று சொல்ல வேண்டும்.

தொழிற்சாலைகளை மட்டும் குறை கூறி நாம் தப்பிக்க முடியாது. வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலையும், மிஞ்சிய பெயிண்டையும் கொல்லைப்புறத்தில் ஊற்றுபவர்கள் யார்? நாம்தானே! அவற்றை ஒரு டப்பாவில் சேர்த்து, பழைய ஆயிலை மறுபடி பயன்படுத்த வாங்குபவரிடம் கொடுக்கும்படி வீட்டுப் பெரியவர்களிடம் பணிவுடன் எடுத்துச் சொல்வோம்.

ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும்படி இறைவன் மனிதனை அதில் வைத்தார் என்று மறைக்கல்வி வகுப்பிலே படித்திருக்கிறோம். அந்தக் காவல் பணியை, பெயர் கூட அறியாத சிற்றுயிர்கள் இருளில் இருந்து செய்துவருகின்றன. பகுத்தறிவு பெற்ற நாம் அவற்றின் சுமையை மேலும் கூட்டாமல் இருப்போமாக!