மரவள்ளி இலைக்கு எந்தக் கம்பெனி வரும்?

"இயந்திரக் கற்றல் ஆய்வைத் தனியார் கம்பெனிகள் பார்த்துக்கொள்ளும், அரசுப் பணம் கல்வராயன் மலைக்குச் சாலையாகவும் ஆஸ்பத்திரியாகவும் போகட்டும்" என்கிறார்கள். சாலை வேண்டும்தான். மற்றது தவறு.

ஒன்று: லாபம் தெரிந்த பிறகுதான் பெரும்பாலான கம்பெனிகள் வந்தன. இன்றைய இயந்திரக் கற்றலுக்கு அடிப்படையான நியூரல் நெட்வொர்க்கைப் பலரும் கைவிட்டிருந்த 2004-இல், அதை விடாமல் ஆய்ந்த ஜெஃப்ரி ஹின்டன் குழுவைத் தாங்கியது, கனடா அரசின் பணமும் சேர்ந்த சிஃபார் (CIFAR) ஆய்வு நிறுவனம்.

இரண்டு: கள்ளக்குறிச்சிப் பக்கத்து மரவள்ளி இலையைக் கையில் எடுத்துப் பார்த்ததுண்டா? மஞ்சள் திட்டு, கோணிச் சுருங்கிய ஓரம். தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும். நோய்ச்செடியின் குச்சியை நட்டால் அடுத்த போகத்துக்கும் தொடரும். குச்சி வெட்டும் முன்பே கண்டுபிடித்தாக வேண்டும். ஆப்பிரிக்காவில் இதே பயிருக்கு, இயந்திரக் கற்றலைக் கொண்டு, இணையம் இல்லாமலே போன் கேமராவில் நோயைச் சொல்லும் 'நூரு' செயலியை உருவாக்கியவர்கள் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தாரும் சர்வதேச வெப்பமண்டல வேளாண் ஆய்வு மையத்தாரும். சிக்னல் விட்டுப்போகும் நம் மலைக்கு வேண்டியதும் அதுதான். ஒரு ஏக்கர் மரவள்ளிக்காரரை நம்பி எந்தக் கம்பெனி முதல் போடும்?

மூன்று: ஆய்வுக்கு நம் நாடு 2020-21-இல் செலவிட்டதே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம். அதையும் வெட்டினால் மிச்சம் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைச் சாலைக்குத்தான் வரும் என்று எந்த பட்ஜெட்டில் எழுதியிருக்கிறது?