பானெட்டில் அழுத்திய பெயர்

கெங்குவார்பட்டியில் பிறந்தவனுக்கு மலை தூரத்துக் காட்சியன்று. ஊரின் வடக்கிலும் மேற்கிலும் எழுந்து நிற்கும் பழனிமலைத் தொடரில் எந்த முகட்டில் மேகம் இறங்குகிறது என்பதைப் பார்த்து மழையைக் கணிப்பதும், மஞ்சளாற்றுத் தண்ணீரின் நிறத்தைக் கொண்டு மேலே மழை பெய்த இடத்தைச் சொல்வதும், காட்ரோட்டில் திரும்பிக் கொடைக்கானலுக்கு ஏறும் பஸ்ஸின் உறுமலைக் கேட்டே நேரத்தை அறிவதும் இங்குள்ளவர்களுக்குப் பால்யத்திலேயே வந்துவிடும் பழக்கங்கள். அவற்றோடு எனக்கு வந்த இன்னொரு பழக்கம், ஜீப்பின் சத்தத்தை அடையாளம் காண்பது. அடிவாரத்துத் தோட்டத்திலிருந்து மாங்காயும் தேங்காயும் இறக்குவதற்காக, சர்க்காரில் கண்டம் செய்து ஏலம் விட்ட பழைய ஜீப் ஒன்றை என் பெரியப்பா வாங்கி வைத்திருந்தார். அதன் பானெட்டின் பக்கவாட்டில், நாலைந்து முறை பெயிண்ட் அடித்த கனத்துக்குக் கீழே, ஆறு ஆங்கில எழுத்துக்கள் தகட்டிலேயே அழுத்தப்பட்டிருந்தன. பார்த்தால் எளிதில் தெரியாது. விரலால் தடவினால் ஒவ்வொன்றாக அகப்படும். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய வயதில் அவற்றைத் தடவித் தடவி ‘வில்லிஸ்’ என்று படித்துவிட்டு, அது யார் பெயர் என்று பெரியப்பாவைக் கேட்டேன். “அந்தக் கம்பெனிக்காரன் பேருப்பா. அவன் கம்பெனிய மூடிட்டுப் போய் ரொம்ப நாளாச்சு” என்றார். சொல்லிவிட்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். செய்தவனே இல்லாமற்போன பின் ஒரு வண்டி எப்படி ஓடுகிறது என்ற ஆச்சரியம் அன்று எனக்கு உண்டாயிற்று. அந்த ஆச்சரியமே இந்தக் கட்டுரைக்கு வித்து.

அந்தக் கம்பெனிக்காரரின் சரித்திரம் சுவையானது. ஜான் நார்த் வில்லிஸ் என்பவர் நியூயார்க் மாகாணத்தின் எல்மைரா நகரில் சைக்கிள் வியாபாரம் செய்து, பின்னர் மோட்டார் கார்களுக்கு ஏஜெண்டாக ஆனவர். ஓவர்லாண்டு என்ற பெயரில் கார் செய்துவந்த இண்டியானாபோலிஸ் நகர ஸ்தாபனம் ஒன்றுக்கு 500 கார்களுக்கு ஆர்டர் கொடுத்து முன்பணமும் கட்டியிருந்தார். 1907ஆம் ஆண்டு அமெரிக்காவில் மூண்ட பணநெருக்கடியில் கார்கள் வந்து சேரவில்லை. என்ன ஆயிற்றென்று நேரில் போய்ப் பார்த்தபோது, தொழிலாளருக்குக் கொடுத்த சம்பளச் செக்குகள் வங்கியிலிருந்து திரும்பிவரும் நிலையில் ஸ்தாபனம் கிடந்தது. தேவைப்பட்ட தொகை 350 டாலர்தான்; அதுவும் அங்கே இல்லை. வில்லிஸ் தாம் தங்கியிருந்த ஓட்டலின் கல்லாவில் சேர்ந்த காசையெல்லாம் தம்முடைய சொந்தச் செக்குக்கு மாற்றிக் கொண்டுபோய் அந்தச் சம்பளத்தைக் காப்பாற்றினார். முன்பணம் கொடுத்து ஏமாந்தவர் வழக்குக்குப் போவதுதான் உலக வழக்கம். இவரோ மறு ஆண்டே அந்த ஸ்தாபனத்தை ஏற்றுக்கொண்டு, இடம் போதாத குறைக்குச் சர்க்கஸ் கூடாரம் அடித்து அதற்குள் கார்களைப் பூட்டச் செய்தார். 1909இல் ஒஹையோ மாகாணத்தின் டொலீடோ நகருக்குத் தொழிலை மாற்றி, 1912இல் அதற்கு வில்லிஸ்-ஓவர்லாண்டு என்று பெயர் சூட்டினார். அதன்பின் 1918 வரையில் அமெரிக்கக் கார் விற்பனையில் ஃபோர்டுக்கு அடுத்த ஸ்தானம் அவருடையதாக இருந்தது. பெருமந்த காலத்தில், 1933இல், அந்தச் சாம்ராஜ்யம் சரிந்தது. 1935இல் வில்லிஸ் காலமானார். தம் பெயரைக் கெங்குவார்பட்டி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்த வண்டியை அவர் கண்ணால் கண்டதில்லை.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். ஜீப்பின் முதல் உருவத்தைச் சமைத்தது வில்லிஸ் கம்பெனி அன்று. 1940இல் அமெரிக்க ராணுவம், எடை குறைந்த நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டுமென்று 135 கம்பெனிகளுக்கு எழுதியபோது, குறித்த கெடுவுக்குள் வண்டியைச் செய்து நிறுத்தியது பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த பாண்டம் என்ற மிகச் சிறிய ஸ்தாபனம். கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாட்களில் படம் வரைந்து கொடுத்தார். செப்டம்பர் 23ஆம் தேதி வண்டி ராணுவ முகாமில் போய் நின்றது. ஆனால் ஆயிரக்கணக்கில் செய்துதரும் சக்தி பாண்டத்துக்கு இல்லை என்று கருதிய ராணுவம், அதன் படங்களை வில்லிசுக்கும் ஃபோர்டுக்கும் காட்டிவிட்டது. வில்லிஸிடம் பார்னி ரூஸ் சீர்செய்து வைத்திருந்த 60 குதிரைச்சக்தி எஞ்சின் இருந்தது. அந்த எஞ்சினே போட்டியை முடித்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள் வில்லிசும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. முதலில் செய்துகாட்டிய பாண்டத்துக்கு இழுவை வண்டிகள் செய்யும் வேலைதான் மிஞ்சிற்று. பிறகு வில்லிசின் முறை வந்தது. 1953இல் ஹென்றி கைசர் அந்த ஸ்தாபனத்தை விலைக்கு வாங்கினார். 1955இல் அமெரிக்காவில் வில்லிஸ் கார்கள் நின்றன. 1963இல் ஸ்தாபனத்தின் பெயரிலிருந்தும் வில்லிஸ் என்ற சொல் எடுக்கப்பட்டது.

நம் நாட்டுக்கு ஜீப் வந்த வழி வேறு. யுத்த காலத்தில் இந்திய அரசின் கொள்முதல் தூதுக்குழுவில் அமெரிக்காவில் இருந்த கே.சி. மஹிந்திரா, பார்னி ரூஸைச் சந்தித்து ஜீப்பின் மேன்மையை அறிந்துகொண்டார். 1945இல் அவரும் அவருடைய அண்ணன் ஜே.சி. மஹிந்திராவும் குலாம் முகம்மதும் சேர்ந்து லூதியானாவில் தொடங்கிய ‘மஹிந்திரா அண்ட் முகம்மது’ என்ற கம்பெனி, தேசப் பிரிவினைக்குப் பின் குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட்டதால், 1948இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. 1947இல் 75 ஜீப்புகள் பாகம்பாகமாகக் கப்பலில் வந்தன. 1949இல் பம்பாய் மஸகானில் அவற்றைப் பூட்டும் வேலை தொடங்கிற்று. பிற்பாடு வந்த, பானெட் உயர்ந்த சி.ஜே. 3பி என்ற உருவத்தை அமெரிக்கர்கள் 1968இல் நிறுத்திவிட்டார்கள். அதன் வழிவந்த வண்டிகள் இங்கே அந்த நூற்றாண்டு முடிந்தும் வந்துகொண்டிருந்தன. 1952 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஜீப் வட்டார வளர்ச்சி அதிகாரியின் வண்டியாகக் கிராமத்துக்குள் நுழைந்தது. தாசில்தார், போலீஸ், காட்டிலாகா, மலேரியா மருந்தடிப்பவர் எல்லாரும் அதில்தான் வந்தார்கள். ‘ஜீப் வருது’ என்றால் சர்க்கார் வருகிறது என்பதே எங்கள் ஊர்ப் பக்கத்து அர்த்தம்.

அந்தச் சர்க்கார் ஜீப்புகள் கண்டமாகி ஏலத்துக்கு வந்த பிறகுதான் அவற்றின் உண்மையான வாழ்க்கை தொடங்கிற்று என்பேன். பெரியகுளம், போடி, உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கு முழுவதும் விவசாயிகளும் ஏலக்காய்த் தோட்டக்காரர்களும் அவற்றை எடுத்தார்கள். போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை. கம்பம்மெட்டுக்கு அப்பால் வண்டன்மேடு, நெடுங்கண்டம். தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து தோட்டத்து ஸ்டோர் வரைக்கும் பாறையும் சேறுமான பாதையில் கோவேறு கழுதைக்கு அடுத்தபடி போகக்கூடியது ஜீப் ஒன்றே. நம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு, கேரளத்துச் சூரியநெல்லியைச் சுற்றிக்கொண்டு இன்றும் ஜீப்பில்தான் போகிறார்கள்.

வைத்திருந்தவர்களின் அபிப்பிராயங்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். குறை சொல்லாதவர் ஒருவரும் இல்லை. பெட்ரோலைக் குடிக்கும், மழை பெய்தால் தார்ப்பாய்க்குள்ளும் மழை பெய்யும், கோடையில் எஞ்சின் சூட்டில் பாதம் வேகும், ஸ்டியரிங் ஆட்டம் கொடுக்கும், ஓடையில் இறங்கி ஏறினால் பிரேக் சிறிது தூரத்துக்குப் பிடிக்காது. இத்தனையும் சொல்லி முடித்த மறுகணமே, “ஆனா ஒருநாளும் வழியில விட்டதில்ல” என்பார்கள். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் ஒரு யந்திர ரகசியம் இருக்கிறது. கியர்க் கம்பியை அடுத்து இரண்டு குட்டைக் கம்பிகள். ஒன்று முன்சக்கரங்களுக்கும் இயக்கத்தைக் கொடுக்கும், மற்றொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். ஒரு ஐப்பசி மாதத்து அடைமழையில், மஞ்சளாற்றின் கிளையோடை ஒன்றைத் தாண்டிச் செம்மண் ஏற்றத்தில் எங்கள் ஜீப் வழுக்கி நின்றது. பெரியப்பா இறங்கவுமில்லை, எங்களை இறங்கித் தள்ளச் சொல்லவுமில்லை. ஒரு கணம் நிறுத்தி இரண்டு கம்பிகளையும் போட்டார். ஆக்ஸிலரேட்டரை அழுத்தக்கூட இல்லை. எஞ்சின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்க, மனிதன் நடப்பதைவிட மெதுவாக, நான்கு சக்கரங்களும் ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பிடித்துக்கொண்டு வண்டி மேலேறியது. பின்னால் மாங்கன்றுக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த எனக்கு, அது யந்திரம் என்ற நினைவே அப்போது இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அதைத் திறந்து பார்க்க யாருக்கும் யாரிடமும் அனுமதி வேண்டியிருந்ததில்லை. பானெட்டைத் தூக்கினால் எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்கும் கைக்கும் எட்டும். இடையில் ஸ்பேனர் சுழற்ற இடமிருக்கும். பட்டறைக்காரர் தேய்ந்த புஷ்ஷைக் கடைசலில் புதிதாகக் கடைந்தார். கொல்லர் முறிந்த ஸ்பிரிங் பட்டையை அடித்து வளைத்தார். டின்கர் உளுத்த தரையை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை கட்டுப்படியாகாதபோது, எஞ்சினையே இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். பின்பக்கத்தை நீட்டி எதிரெதிர் பெஞ்சுகள் போட்டார்கள். அமெரிக்காவில் ஒரு கம்பெனி கைமாறியதும் ஒரு பெயர் அழிந்ததும் பள்ளத்தாக்கின் பட்டறைகளில் ஒருநாள் வேலையைக்கூட நிறுத்தவில்லை.

இந்தப் புகழைச் சொல்லும்போது ஒன்றை மறைப்பது பாவம். விடியுமுன் டிபன் தூக்கோடு ஏலத்தோட்டத்துக்குப் புறப்படும் பெண்களை, பத்துப்பேர் உட்காரக்கூடிய ஜீப்பில் அதைப்போல் இருமடங்கு ஏற்றிக்கொண்டு, பின்படியில் ஆட்கள் தொங்க, வளைவுகளில் பறக்கும் காட்சியை எங்கள் மாவட்டத்தில் காணாதவர் இல்லை. கவிழ்ந்த ஜீப்புகளுக்காக அழுத வீடுகள் ஒன்றிரண்டல்ல. வண்டி உழைக்கும் என்பது மனிதரை மூட்டையாக அடுக்குவதற்குச் சமாதானமாகாது; அந்தத் தொழிலாளருக்கு வேண்டியது காலையிலும் மாலையிலும் ஒழுங்கான பஸ்.

ஜீப்பின் கதையை இன்று சொல்ல என்னைத் தூண்டியது வேறொரு அனுபவம். என்னிடம் இப்போதுள்ள கார், நன்றாக நடந்துவரும் ஒரு கம்பெனியின் தயாரிப்பு. வாங்கி ஏழு வருஷம்தான் ஆகிறது. ஒருநாள் காலை ஸ்டார்ட் ஆகவில்லை. எங்கள் ஊர் மெக்கானிக், முப்பது வருஷக் கைப்பழக்கம் உள்ளவர், பழுது சென்சாரில்தான் என்று கால்மணி நேரத்தில் கண்டுபிடித்தார். ஆனால் அந்தப் பாகம் தனியாகக் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கம்பெனியின் கம்ப்யூட்டர் அதை ஒப்புக்கொள்ள வேண்டுமாம். வண்டியை மதுரைக்கு ஏற்றி அனுப்பிப் பத்தொன்பது நாள் காத்திருந்தேன். கம்பெனி உயிரோடிருக்கும்போதே இந்தச் சிரமம். கம்பெனி போய்விட்டால்? ஷெவர்லே கார்களின் இந்திய விற்பனை 2017இல் நின்றது. ஃபோர்டு 2021இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலைநகரில் அடுத்த ஆண்டு கடைசிக் காரை இறக்கிற்று. அவற்றை வாங்கியவர்களில் டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவர்களும் பல வருஷச் சேமிப்பைக் கொட்டியவர்களும் உண்டு. பாகம் தருகிறோம் என்ற வாக்குறுதி அவர்களுக்குத் தரப்பட்டது. ஆனால் வாக்குறுதிக்கும் உரிமைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 ஜூலையில் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி ஓர் இணையவாசலையும் திறந்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனங்களும் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நோக்கம் உத்தமமானது; ஆனால் இணையவாசல் சட்டமாகாது. ஒரு கம்பெனி ஒரு வண்டியைச் செய்வதை எந்தக் காரணத்தால் நிறுத்தினாலும், கடைசி வண்டி விற்ற நாளிலிருந்து இருபது ஆண்டுகளுக்காவது உதிரிபாகங்களைத் தரவேண்டும். தர இயலாவிட்டால் அவற்றின் படங்களையும் அளவுகளையும், கம்ப்யூட்டர் பூட்டின் திறவுகோலையும், நம் சிறு பட்டறைகள் எடுத்துச் செய்யும்படி பகிரங்கமாக ஒப்படைக்க வேண்டும். தேனித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும், எந்தக் கட்சியானாலும் மற்றத் தொகுதிகளின் உறுப்பினர்களும், இந்த ஒரு விதியைச் சட்டமாக்கக் கேட்க வேண்டும் என்று இந்தப் பத்திரிகையின் மூலம் வேண்டிக்கொள்கிறேன். கார் வைத்திருக்கும் வாசகர்களும் தங்கள் உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

பெரியப்பாவின் ஜீப்பை அவருடைய பேரன் இப்போது ஓட்டுகிறான். சென்ற தை மாதம் அதற்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். அந்த ஆறு எழுத்துக்களையும் மறைக்க வேண்டாம் என்று பெயிண்டரிடம் சொன்னேன். அவர் அவற்றை மட்டும் வெள்ளையில் எடுத்துக் காட்டியிருக்கிறார்.