வீடியோ சூப்பர் மச்சி... பாட்டு?

முதல் வருஷம் படிக்கும்போது ஒரு சீனியர் அண்ணா எங்கள் ஏழெட்டு பேரை லேபுக்குள் கூப்பிட்டு ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். டோமினோ கட்டைகள் வரிசையாகச் சரிகின்றன. குண்டுகள் உருள்கின்றன. குடைகள் விரிகின்றன, ஒரு டிவி உடைகிறது, பியானோ ஒன்று மேலிருந்து விழுகிறது. கடைசியில் நாலு பேர் மேல் கலர் கலராக பெயிண்ட் பீய்ச்சி அடிக்கிறது. ஒன்று தட்ட இன்னொன்று, அது தட்ட மற்றொன்று என்று ஒரே சங்கிலி. "இன்னொரு தடவை போடுங்கண்ணா"ன்னு கெஞ்சி மூன்று தடவை பார்த்தோம். கை தட்டினோம்.

அந்த லேப் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் கிடையாது.

அதாவது, ஒரு பாட்டோட வீடியோவை மூன்று தடவை பார்த்துவிட்டு, அந்தப் பாட்டில் ஒரு சொல்கூடக் காதில் விழாமல், "செம்ம"ன்னு சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடியிருக்கிறோம். இதில் ஏதோ தப்பு இருக்குன்னு எனக்கு உறைக்க ரெண்டு வருஷம் ஆனது.

பாட்டின் பெயர் 'திஸ் டூ ஷல் பாஸ்'. "இதுவும் கடந்து போகும்"னு நம்ம ஆளுங்க ஸ்டேட்டஸ் வைப்பாங்களே, அதே வாக்கியம்தான். பாடியது ஓகே கோ. 1998-ல் அமெரிக்காவின் சிகாகோவில் ஆரம்பித்த ராக் பேண்ட். 2006-ல் எட்டு ட்ரெட்மில் மேல் இவர்கள் நாலு பேரும் ஆடிய வீடியோவை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். அதுக்கு கிராமி விருதும் கிடைத்தது. நான் சொல்கிற மெஷின் வீடியோ வெளிவந்தது 2010 மார்ச்சில்.

இதைப் பார்த்தவர்கள் சொல்வதைக் கவனித்தால் மூன்று வகை இருக்கு. ஒன்று: "வீடியோ சூப்பர், பாட்டு சுமார். பாட்டு வெறும் சாக்கு." ரெண்டு: "இது ஏமாத்து வேலை, நடுவுல எங்கேயோ வெட்டி ஒட்டியிருக்காங்க." மூன்று: "இது விளம்பரம்ப்பா. இன்ஷூரன்ஸ் கம்பெனி காசு கொடுத்திருக்கான்." மூன்றிலுமே கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனால் மூன்றுமே அவசரத்தில் சொன்னது என்பது என் கருத்து.

முதலில் அந்த "ஏமாத்து வேலை". வீடியோ நடுவில் ஒரு திரை விலகும். அங்கேதான் ரெண்டு டேக்கை ஒட்டியிருக்கிறார்கள்னு நிறைய பேர் சுட்டிக்காட்டுகிறார்கள். இருக்கட்டுமே. சின்னக் கணக்கு ஒன்று போடலாம். ஒரு மெஷினில் 100 படிகள் இருக்குன்னு வையுங்க. ஒவ்வொரு படியும் 100-க்கு 99 தடவை ஒழுங்காக வேலை செய்யும். அப்போ மொத்தமும் தடங்கல் இல்லாமல் ஓடி முடிய வாய்ப்பு எவ்வளவு? ஏறக்குறைய 37 சதவீதம்தான். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ரெண்டு மாடி கிடங்கில் பேண்டும் சின் லேப்ஸ் என்ற இன்ஜினியர் குழுவும் சேர்ந்து இதைக் கட்டினார்கள். படம் பிடித்த ரெண்டு நாளில் 60-க்கும் மேற்பட்ட டேக். டோமினோ, குண்டு மாதிரி சின்னச் சாமான்தான் அதிகம் சொதப்பும். ஒரு தூசி போதும், வழி மாறிவிடும். அதனால் அதையெல்லாம் ஆரம்பத்திலேயே வைத்துவிட்டு, கனமான சாமானைப் பின்னால் வைத்தார்கள். ஆரம்பத்தில் நின்றால் சில நொடிதான் நஷ்டம். பெயிண்ட் அடிக்கும் இடத்தில் நின்றால் முழு மெஷினையும் திரும்ப அடுக்கணும். ரிவ்யூ அன்னைக்கு சென்சார் செத்துப்போன அனுபவம் உள்ள யாரும் இதை ஏமாத்து வேலைன்னு சொல்ல மாட்டோம்.

அடுத்தது விளம்பரம். ஆமாம், ஸ்டேட் ஃபார்ம் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் ஸ்பான்சர். அவங்க பேர் போட்ட பொம்மை லாரியும் வீடியோவில் வருகிறது. ஆனால் அதுக்கு முன்னாடி நடந்ததைப் பாருங்கள். அப்போது இவர்களை வைத்திருந்தது ஈ.எம்.ஐ. மாசத் தவணை இல்லை, பெரிய ரெக்கார்டு கம்பெனி. யூடியூபில் இருக்கும் வீடியோவை மற்ற தளங்களில் எடுத்துப் போட முடியாதபடி அந்தக் கம்பெனி தடுத்து வைத்தது. அப்படிச் செய்ததும் ட்ரெட்மில் வீடியோவை நாளுக்குச் சுமார் 10,000 பேர் பார்த்தது ஆயிரத்துச் சொச்சமாக விழுந்ததுன்னு பாடகர் டேமியன் குலாஷ் 2010-ல் நியூயார்க் டைம்ஸில் கட்டுரையே எழுதினார். இதே பாட்டுக்கு ஒரு பல்கலைக்கழக பேண்ட் வாத்தியக் குழுவோடு எடுத்த முதல் வீடியோவும் அந்தத் தடையில் மாட்டியது. ரெண்டாவதாக வந்த மெஷின் வீடியோவை யார் வேணாலும் எங்கே வேணாலும் எடுத்துப் போட முடிந்தது. அதே மார்ச்சில் ஈ.எம்.ஐ-யை விட்டு வெளியே வந்து 'பாரகடூட்'டுன்னு சொந்தமாக ஒரு லேபிள் ஆரம்பித்தார்கள். சுதந்திரமான பேண்ட் என்றால் யார் காசும் வாங்காத பேண்ட் இல்லை. யார் காசை, எந்த நிபந்தனைக்கு வாங்குவதுன்னு தானே முடிவு பண்ணும் பேண்ட். பொம்மை லாரியில் ஒரு பேர் இருப்பது எனக்குப் பெரிசாகத் தெரியவில்லை. யாரும் பார்க்காமல் பூட்டி வைப்பதுதான் பெரிசு.

இப்போ முக்கியமானது. பாட்டு சாக்குதானா?

மூன்றாவது வருஷம் எங்கள் மினி ப்ராஜெக்ட் டெமோவில் படுத்துவிட்டது. முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டல் தரையில் அழகாகக் கோட்டைப் பிடித்து ஓடிய ரோபோ, எக்ஸாமினர் முன்னால் ஒரே இடத்தில் நின்று சுத்தியது. அன்னைக்கு பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இந்த வீடியோவைப் போட்டேன். நம்மளவிட அதிகமா சொதப்பினவங்களைப் பார்த்து ஆறுதல் தேடத்தான். அப்போதான் முதல் தடவையாகப் பாட்டைக் கேட்டேன்.

கேட்டபோது புரிந்தது, மெஷினுக்கு ஸ்பெசிஃபிகேஷனே பாட்டுதான். மெஷின்தான் பாட்டை ஆரம்பித்து வைக்கிறது. ஒரு இடத்தில் மெஷினே பாட்டின் ஒரு துண்டை வாசிக்கிறது. பாட்டு மெல்லமாக இருக்கும்போது மேஜை மேல் சின்னச் சாமான். பல குரல் சேர்ந்து பாட்டு பெரிசாகும்போது பியானோவும் பீப்பாயும். பாட்டு முடியும் இடத்தில்தான் பெயிண்ட். சத்தத்தை அணைத்துவிட்டு இதைப் பார்ப்பது, கேள்வியைப் படிக்காமல் பதிலுக்கு மார்க் போடுகிற மாதிரி.

பாட்டு சொல்வது சின்ன விஷயம். போனதையே பிடித்துக்கொண்டு உட்காராதே, விடு என்று ஒரு நண்பனிடம் சொல்கிறது. உலக மகா பாட்டுன்னு சொல்ல மாட்டேன். முதல் பாதி கொஞ்சம் இழுக்கும். ஆனால் கடைசியில் எல்லாரும் சேர்ந்து திரும்பத் திரும்பப் பாடுகிற இடம், அந்த பஸ்ஸில் எனக்குத் தேவைப்பட்டது. 60 தடவை நின்றுபோன ஒரு மெஷினுக்கு இந்தப் பாட்டைவிடப் பொருத்தமான பாட்டு கிடைக்குமா?

பழியை முழுக்க நம் மேலேயே போடவும் முடியாது. அடுத்தடுத்து விமானத்துக்குள் எடை இல்லாமல் மிதப்பது, நாலு நொடியில் நடந்ததை நாலு நிமிஷமாக நீட்டுவது என்று பேண்டே வித்தையைக் கூட்டிக்கொண்டே போனது. வித்தை காட்டினால் கண் அங்கேதான் போகும். அது அவர்கள் தெரிந்தே கொடுக்கும் விலை. அதுக்காகக் காதை வீட்டில் வைத்துவிட்டு வரலாம்னு அர்த்தம் இல்லை.

இதை இப்போ ஏன் எழுதுகிறேன்? இந்த வருஷம் நம்ம கல்ச்சுரல்ஸில் என் கிளாஸ் பசங்க நாலு பேர் சேர்ந்து, சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டு ஒரு தமிழ்ப் பாட்டு பாடினார்கள். ரெண்டாவது நிமிஷத்திலேயே பின்னாடி இருந்து "சினிமா பாட்டு போடுங்கடா!"ன்னு குரல். நான் கத்தவில்லை. ஆனால் நான் செய்ததும் பெரிய வித்தியாசம் இல்லை. போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்த பேஸ் கிடார் நண்பனிடம், "லைட்டிங் சூப்பர் மச்சி"ன்னேன்.

அவன் ஒரே சொல்தான் கேட்டான்: "பாட்டு?"

என்னிடம் பதில் இல்லை. ஆறு மாசமாக ஹாஸ்டல் மொட்டை மாடியில் அவன் உட்கார்ந்து செய்த வேலையில், லைட்மேன் செய்ததை மட்டும் பாராட்டிவிட்டு நின்றேன்.

அன்னைக்கு ராத்திரி அவனிடம் ரெக்கார்டிங் வாங்கி, ஸ்க்ரீனை அணைத்துவிட்டு ரெண்டு தடவை கேட்டேன். மறுநாள் மெஸ்ஸில் சொன்னேன்: "ரெண்டாவது சரணம் நல்லா இருக்குடா. பல்லவிதான் ரொம்ப நீளம், தூக்கிரலாம்." அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. தோசை ஆறிப்போகும்வரை அரை மணி நேரம் சண்டை போட்டான். "சூப்பர்"னு சொன்ன யாரிடமும் அவன் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

பாடுகிறவனுக்கு நாம் கொடுக்கக்கூடியது அதுதான்னு நினைக்கிறேன். பிடிக்கலைன்னாலும் பரவாயில்லை. கேட்டுட்டுச் சொல்லுங்க.