பாய்லருக்கு இன்ஸ்பெக்டர் உண்டு, அல்காரிதத்துக்கு?

உங்க மெக்கானிக்கல் நண்பர் யாரையாவது பிடிச்சு ஒரு கேள்வி கேளுங்க. "ஒரு ஃபேக்டரி முதலாளி புதுசா ஒரு பாய்லர் வாங்கிட்டு வந்து, அன்னிக்கே நீராவி ஏத்தி ஓட்ட ஆரம்பிக்கலாமா?" சிரிப்பார். பதிவு பண்ணணும், இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கணும், சான்றிதழ் வாங்கணும், அது காலாவதி ஆகிறதுக்குள்ள திரும்பவும் சோதனைக்குக் காட்டணும். இதெல்லாம் சும்மா வந்த விதிகள் இல்லை. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல பேர் இறந்தார்கள். அடுத்த வருஷமே வங்காளத்தில் பாய்லர்களைச் சோதிக்கச் சட்டம் வந்தது. 1923-ல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டமாக்கினார்கள். 2025-ல் அதையும் மாற்றிப் புதுச் சட்டம் போட்டுவிட்டார்கள். இந்த நூற்றி அறுபது வருஷத்தில் "இன்ஸ்பெக்டரால நீராவித் தொழில்நுட்பமே செத்துப்போச்சு" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போ சிஎஸ்இ, ஐடி, ஏஐ-டிஎஸ் மக்களே, உங்களுக்கு அதே கேள்வி. ஒரு மாநிலத்துல லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு ரேஷன் அரிசி கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்லும் ஒரு சாஃப்ட்வேரை நீங்க எழுதுறீங்க. ஓடவிடுறதுக்கு முன்னாடி அதை யார்கிட்ட காட்டணும்? எந்தச் சான்றிதழ் வாங்கணும்? யோசிச்சுப் பார்த்தா டீம் லீடைத் தவிர யார் பேரும் ஞாபகத்துக்கு வராது.

இது கற்பனைக் கேள்வி இல்லை. தெலங்கானாவில் நடந்தது.

அங்கே "சமக்ர வேதிகா" என்று ஒரு சிஸ்டம். 2016 முதல் ரேஷன் கார்டு தகுதியைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்தினார்கள். பல அரசுத் துறைகளின் டேட்டாபேஸ்களை இணைத்து, இங்கே ரேஷன் வாங்குகிறவரும் அங்கே கார் வைத்திருப்பவரும் ஒரே ஆளா என்று கண்டுபிடிக்கும். நம்ம பாடத்தில் இதுக்குப் பேர் என்டிட்டி ரெசல்யூஷன். கேட்கும்போது சுலபமா இருக்கும், செஞ்சு பார்த்தாத்தான் வலி தெரியும். நம்ம ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கோங்க. எஸ். முருகன், முருகன் எஸ்., முருகன் சுப்பையா, ஆதார்ல ஒரு எழுத்து கூடின முருகான். இந்த நாலு பேரும் ஒருத்தரா, நாலு பேரா? மெஷின் ஒரு ஸ்கோர் கொடுக்கும். ஸ்கோர் எவ்வளவுக்கு மேல போனா "ஒரே ஆள்" என்று எடுத்துக்கணும் என்பதை எங்கேயோ ஒரு ஏசி ரூமில், நம்மை மாதிரி ஒருத்தர் முடிவு பண்ணி ஒரு த்ரெஷோல்டாக எழுதி வைக்கிறார். ஒரே ஒரு எண். அந்த எண்ணை எந்தச் சட்டமன்றமும் விவாதிக்கவில்லை, எந்த அரசிதழிலும் அது அச்சாகவில்லை.

ஹைதராபாத்தில் ஒரு ரிக்‌ஷாக்காரரை அந்த சிஸ்டம் கார் வைத்திருப்பவர் என்று முடிவு பண்ணியது. காரணம், பெயர்க் குழப்பம். அந்தக் குடும்பத்துக்கு ரேஷன் நின்றது. அவருடைய மனைவி, கணவர் இறந்த பிறகும், எங்க வீட்டில் கார் இல்லை என்று நிரூபிக்க அலைந்தார். இல்லாத காரை இல்லை என்று எப்படிங்க நிரூபிக்கிறது? விஷயம் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

2014 முதல் 2019 வரை அந்த மாநிலத்தில் ரத்தான கார்டுகள் 18 லட்சத்துக்கும் மேல். எல்லாமே மெஷின் செய்த வேலை என்று சொன்னால் அது நியாயமில்லை, போலி கார்டுகளும் அதில் உண்டு. ஆனால் நோட்டீஸ் கொடுக்காமல் ரத்து செய்தார்கள் என்பதுதான் வழக்கு. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நேரில் போய் விசாரித்துச் சரிபார்க்கச் சொன்னது. அந்த ஜூலை வரை பரிசீலித்த 2,05,734 விண்ணப்பங்களில் 15,471 பேருக்குக் கார்டு திரும்பக் கிடைத்தது. கணக்குப் போட்டா ஏழரை சதவீதம். இன்னொரு பக்கமா திருப்பிப் பார்த்தா 92.5 சதவீதம் "கரெக்ட்". நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூவில் இந்த அக்யூரசிக்கு நல்ல மார்க்கே விழும்!

பத்திரிகையாளர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் சோர்ஸ் கோடு கேட்டபோது என்ன பதில் வந்தது தெரியுமா? அதன் மேல் தனியார் கம்பெனிக்கு உரிமை இருக்கிறது, தர முடியாது. அரிசி மக்களுடையது, வரிப்பணம் மக்களுடையது, ஆனா "உனக்கு இல்லை" என்று சொன்ன லாஜிக் மட்டும் கம்பெனியுடையது. எனக்குக் கோபம் வர்ற இடம் அந்தப் பெயர்க் குழப்பம் இல்லைங்க. பக் வராத கோடு எது? தப்பு நடந்தால் போய்த் தட்டுறதுக்கு ஒரு கதவே வைக்காமல் சிஸ்டத்தைக் கட்டினார்களே, அதுதான்.

அதனால் ஏஐ ரெகுலேஷன் என்று பேசும்போது ரோபோ உலகத்தை அழிக்குமா என்கிற விவாதத்தை நான் இப்போதைக்கு ஓரமா வைக்கிறேன். (அதை யாராவது அடுத்த இதழில் எழுதுங்க, படிக்க ஆவலா இருக்கேன்.) எனக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஒரு மனுஷனுடைய சோறு, வேலை, கடன், படிப்பு, ஜெயில் இதில் எதைப் பற்றியாவது ஒரு மெஷின் முடிவெடுத்தால், முடிவெடுத்தது மெஷின்தான் என்று அவருக்குச் சொல்லணும். ஏன் என்று அவருக்குப் புரியும் மொழியில் காரணம் சொல்லணும். அந்த முடிவை மாற்றும் அதிகாரம் உள்ள ஒரு ஆள் எதிரே உட்கார்ந்திருக்கணும். "சிஸ்டம்ல அப்படித்தான் வருது, நான் என்னம்மா பண்றது" என்று கையை விரிக்கிற கிளார்க்கை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இதைச் சட்டமாகத்தான் எழுதணும். நல்லெண்ண வழிகாட்டுதலா எழுதி வெச்சா போதாது.

இந்தியாவில் இப்போ என்ன இருக்கு? 2025 நவம்பரில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஏஐ நிர்வாக வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஏழு "சூத்திரங்கள்". படிச்சுப் பாருங்க, குறை சொல்ல முடியாத வார்த்தைகள்: நம்பிக்கை, நியாயம், பொறுப்பு. ஆனால் தனிச் சட்டம் இப்போதைக்குத் தேவையில்லை, இருக்கிற சட்டங்களே போதும் என்பதுதான் அதன் நிலைப்பாடு. சரி, இருக்கிற சட்டத்தைப் பார்ப்போம் என்று 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் திறந்தால், நம்ம டேட்டாவைப் பார்க்க, திருத்த, அழிக்க உரிமை இருக்கு. மெஷின் எடுத்த முடிவுக்கு விளக்கம் கேட்கவோ, மனுஷன் பார்த்து முடிவு செய்யணும் என்று கேட்கவோ தனியா ஒரு உரிமை இல்லை. ஐரோப்பாவில் 2018-லிருந்தே அமலில் இருக்கும் தரவுச் சட்டத்தில் இதுக்குன்னே 22-வது பிரிவு இருக்கு.

நம்ம மாநிலத்துக்கு வருவோம். இது நம்மில் பல பேருக்குத் தெரியாது: தமிழ்நாடு அரசு 2020-லேயே "பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை" வெளியிட்டுவிட்டது. சாட்ஜிபிடி வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி! அதில் டீப்-மேக்ஸ் என்று ஒரு மதிப்பெண் அட்டை உண்டு. ஒரு ஏஐ சிஸ்டத்தைப் பொதுமக்கள் மேல் ஓடவிடும் முன்பு நியாயம், தனியுரிமை, தவறான பயன்பாட்டிலிருந்து பாதுகாப்பு, தணிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடணும் என்பது யோசனை. கிட்டத்தட்ட நம்ம பாய்லர் சான்றிதழ் மாதிரியேதான். யோசனை நம்மகிட்டயே இருந்திருக்கு, பெருமைப்படலாம். ஆனா கொள்கை வேற, சட்டம் வேற. மதிப்பெண் குறைஞ்சா கேள்வி கேட்டு நீதிமன்றம் போக ஒரு கொள்கை ஆவணம் உங்களுக்கு வழி தராது.

இப்போ உங்க பக்கத்திலிருந்து வர்ற எதிர்வாதம் எனக்கே கேட்குது. "ரெகுலேஷன் வந்தா ஸ்டார்ட்அப் எல்லாம் காலி மச்சி. லைசென்ஸ் ராஜ் திரும்ப வந்துரும்." இதில் பாதி உண்மை. 2024 மார்ச் 1-ம் தேதி நம்ம மத்திய அமைச்சகமே, இன்னும் முழுசா சோதிக்கப்படாத ஏஐ மாடல்களை வெளியிட அரசு அனுமதி வாங்கணும் என்று ஒரு அறிவுரை விட்டது. கடும் எதிர்ப்பு வந்ததும் ரெண்டே வாரத்தில் அனுமதிப் பேச்சைத் தூக்கிவிட்டார்கள். தூக்கினது சரிதான். ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து மாடல் ட்ரெயின் பண்ற பையன் டெல்லிக்கு ஃபைல் அனுப்பிக் காத்திருக்கணும் என்றால் அது அபத்தம்.

ஆனால் பாய்லரைப் பாருங்க. வீட்டு அடுப்பில் இருக்கும் பிரஷர் குக்கருக்கு யாரும் இன்ஸ்பெக்டரை அனுப்புவதில்லை. அழுத்தமும் கொள்ளளவும் கூடும் இடத்தில்தான் சட்டம் உள்ளே வருது. ஐரோப்பிய யூனியனின் ஏஐ சட்டமும் அப்படித்தான். 2024 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்து, படிப்படியாக அமலாகி வருது. ஸ்பேம் ஃபில்டருக்கு ஒரு தொல்லையும் இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பது, கடன் தகுதி, அரசு உதவி மாதிரி இடங்களில் பயன்படுவது "அதிக ஆபத்து" வகை, அதற்குக் கட்டுப்பாடு அதிகம். சிலதுக்கு நேரடித் தடை. வகுப்பறையிலும் வேலையிடத்திலும் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் ஏஐ 2025 பிப்ரவரியிலிருந்து அங்கே கூடாது, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் மட்டும் விலக்கு. அந்தச் சட்டம் பூரணமானது என்று நான் சொல்ல வரலை. 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே சில விதிகளைத் தள்ளிப்போடலாம் என்று முன்மொழிந்தது. ஆனாலும் ஆபத்து எவ்வளவோ அவ்வளவு கட்டுப்பாடு என்கிற அடிப்படை இன்ஜினியர் மூளைக்கு உடனே பிடிபடணும். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி நாம படிச்சதுதானே?

ப்ளேஸ்மென்ட் பற்றி ஒரு வார்த்தை, இல்லைன்னா கடைசி வருஷ மக்கள் இந்தப் பக்கத்தை ஸ்க்ரோல் பண்ணிருவீங்க. அமேசான் 2014-ல் ரெஸ்யூமேக்களைத் தரம் பிரிக்க ஒரு மாடல் கட்டியது. பத்து வருஷ விண்ணப்பங்களை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. மாடல் என்ன கற்றுக்கொண்டது? "பெண்கள்" என்ற சொல் ரெஸ்யூமேயில் வந்தால் மதிப்பெண்ணைக் குறைக்க! அந்த முயற்சியையே அவர்கள் கைவிட்டார்கள், 2018-ல் ராய்ட்டர்ஸ் செய்தி வந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கவனிங்க, பாரபட்சத்தைக் கண்டுபிடித்தது கம்பெனி, நிறுத்தியதும் கம்பெனி. வெளியே ஒருத்தருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை. நியூயார்க் நகரத்தில் 2023 ஜூலையிலிருந்து இப்படிப்பட்ட கருவிகளுக்கு வருஷா வருஷம் பாரபட்சத் தணிக்கை செய்து, சுருக்கத்தை வெளியிடணும், விண்ணப்பிப்பவருக்கு முன்கூட்டியே சொல்லணும். நமக்கு ரிஜெக்ட் மெயில் வருது, அதுவும் சில சமயம்தான் வருது. அதை அனுப்பியது ஆளா மாடலா என்று கேட்க இங்கே நமக்கு என்ன உரிமை இருக்கு?

சட்டம் எழுதுவது நம்ம கையில் இல்லை என்று ஒதுங்க வேண்டாம். அந்த த்ரெஷோல்ட் எண் நம்ம கையில்தான் வரப்போகுது. இன்னும் ரெண்டு வருஷத்தில் நம்மில் யாரோ ஒருத்தர் ஒரு அரசு டெண்டர் ப்ராஜெக்டில் உட்கார்ந்து 0.8 போடலாமா 0.9 போடலாமா என்று யோசிப்பார். முடிவுகளைப் பதிவு செய்யும் லாக், காரணத்தைச் சொல்லும் ஸ்கிரீன், மனுஷன் தலையிடும் பட்டன் எல்லாம் ரெக்வயர்மென்ட் ஆவணத்தில் இருந்தால்தான் கட்டுவோம். ஆவணத்தில் இல்லாட்டி டெட்லைன் நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான். சட்டம் இருந்தால் "சார், இதை விட்டா நாளைக்கு ஃபைன் வரும்" என்று மேனேஜரிடம் சொல்ல ஒரு ஜூனியருக்கு வாய் வரும். சட்டம் இல்லாத இடத்தில் மனசாட்சியை மட்டும் வைத்துப் பேசுகிற ஜூனியரை அடுத்த அப்ரைசலில் என்ன செய்வார்கள் என்று உங்க சீனியர்களைக் கேளுங்க.

அதுவரைக்கும் நம்ம கல்லூரியிலேயே ஒரு சின்ன வேலை செய்யலாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பட்டியலில் பாதிக்கு மேல் "மெஷின் லேர்னிங் மூலம் கண்டறிதல்" வகைதான். ரிப்போர்ட்டில் அக்யூரசி 97 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போடுகிறோம். அதுக்குப் பக்கத்தில் இன்னொரு பக்கம் சேர்க்கச் சொல்லி உங்க கைடுகிட்ட பேசுங்க: மீதி 3 சதவீதத்தில் யார் மாட்டுவாங்க, மாட்டினால் அவங்களுக்கு என்ன ஆகும், யார்கிட்ட போய் முறையிடலாம். எழுதி முடிச்சவங்க எங்க ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்க. எந்த டிபார்ட்மென்டா இருந்தாலும் பரவாயில்லை, அடுத்த இதழில் போடுறோம்.