சிக்கனத்தின் பெயரால் நூலகம்

அரசின் கருவூலம் வறளும் காலத்தில் முதலில் நிறுத்தத்தக்க செலவு பொது நூலகத்துக்கானது என்பதும், அதை எதிர்த்து ஊர்மக்கள் எழுப்பும் குரல் பழைய நினைவுகளின் மேல் கொண்ட பற்றன்றி வேறில்லை என்பதும், நிதி நிர்வாகிகளிடையே விவாதத்துக்கே இடமில்லாத உண்மைகளாக வழங்கிவருகின்றன. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியைத் தொடர்ந்து 2010இல் பொறுப்பேற்ற கூட்டணி அரசு, உள்ளாட்சி மன்றங்களுக்குத் தரும் மானியத்தை நான்காண்டுகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைக்க முடிவுசெய்தபோது, இங்கிலாந்தில் இக்கூற்று நடைமுறைக் கொள்கையாகவே ஆனது. எனவே அதன் மெய்ம்மையைச் சோதிக்க அந்நாடே தக்க களம். கூற்று ஒன்றுபோலத் தோன்றினாலும் உண்மையில் அது பல வாதங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு. கட்டை அவிழ்த்தால் ஒவ்வொன்றின் வலுவும் தனித்தனியே தெரியவரும்.

நூலகத்துக்கு வருவோர் குறைந்துவிட்டனர், இணையம் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது என்பது அவற்றுள் முதன்மையானது. வருகை குறைந்தது மெய்தான். ஆயினும் எது முன், எது பின் என்பதை இவ்வாதம் மறைத்துவிடுகிறது. 2010க்கும் 2019க்கும் இடையில் பிரிட்டனில் 773 நூலகங்கள் மறைந்தன, நூலகச் செலவும் ஏறத்தாழ 30 விழுக்காடு சுருங்கியது. திறந்திருக்கும் நேரத்தை வெட்டி, புதிய நூல் வாங்குவதைக் குறைத்து, பயிற்சி பெற்ற நூலகரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதன் விளைவாகக் குறைந்த வருகையையே அடுத்த வெட்டுக்குச் சான்றாகக் காட்டுவது, கிணற்றைத் தூர்த்துவிட்டு நீர் இறைக்க ஆளில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும். இணையத்தைப் பற்றிய பகுதியோ இன்னும் விந்தையானது. ஆறு வகை உதவித்தொகைகளை ஒன்றாக்கி 2013இல் தொடங்கப்பட்ட ‘யுனிவர்சல் கிரெடிட்’ திட்டத்துக்கு, வேலையற்றோரும் குறைந்த வருவாயினரும் இணையவழியே விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொதுவிதி. வீட்டில் கணினியோ இணைய இணைப்போ இல்லாதவர் அதற்குச் சென்று அமர்ந்த இடம், காசு கேட்காத நூலகக் கணினியின் முன்னர்தான். ஆக, அரசின் ஒரு கை ஏழையை நூலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் மறு கை அதன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. நெருக்கடியில் நூலகத்தின் தேவை குறைவதில்லை, கூடுகிறது. 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்க நகரங்களிலும் நூல் வாங்கும் நிதி ஒடுங்கியபோதே இரவல் வாங்குவோர் பெருகினர்.

மக்களின் எதிர்ப்பு வெறும் உணர்ச்சிப்பெருக்கு என்பது அடுத்த வாதம். 2011 சனவரியில் மில்டன் கீன்ஸ் மன்றத்துக்குட்பட்ட ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்டு என்னும் சிற்றூரின் மக்கள், தத்தம் உறுப்பினர் அட்டைக்கு அனுமதிக்கப்பட்ட நூல்களை எல்லாம் இரவல் வாங்கி, ஏறத்தாழ 16,000 நூல்கள் கொண்ட நூலகத்தின் அடுக்குகளை வெறுமையாக்கினர். முழக்கமோ மறியலோ இன்றி, விதிக்கு உட்பட்டே செய்யப்பட்ட இச்செயல், மூடப்பட்ட நூலகம் எப்படியிருக்கும் என்பதை அங்கேயே கண்முன் காட்டியதோடு, பயன்பாட்டுக் கணக்கைக் காட்டி மூட வந்தவர்களுக்கு அந்தக் கணக்கிலேயே விடையும் சொன்னது. இதை உணர்ச்சி என்பவர் கணக்கு என்று எதைச் சொல்வாரோ தெரியவில்லை.

பிற ஊர்களில் எதிர்ப்பு நீதிமன்றத்தை நாடியது. ‘நீதிமுறை மறுஆய்வு’ என்பது, ஒரு பொது அமைப்பின் முடிவு நல்லதா தீயதா என்று பாராமல், அது சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதை மட்டும் நீதிமன்றம் ஆராயும் முறை. கிளாஸ்டர்ஷயர், சாமர்செட் ஆகிய இரு மாவட்ட மன்றங்களின் நூலக வெட்டுத் திட்டங்களை 2011 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட நலிந்த பிரிவினர்மேல் அவ்வெட்டு ஏற்படுத்தும் விளைவை மன்றங்கள் முறையாக ஆராயவில்லை என்பதே காரணம். மக்கள் கேட்டது கருணையன்று, மன்றம் செய்திருக்க வேண்டிய ஆய்வு.

பெட்டி காலியான பின் சட்டம் பேசிப் பயனென்ன என்று கேட்போருக்கு நார்தாம்ப்டன்ஷயர் விடை தரும். அம்மாவட்ட மன்றம் 2018 பிப்ரவரியில் ‘114ஆம் பிரிவு அறிவிப்பு’ வெளியிட்டது. வரவைக் கொண்டு செலவைச் சமன்செய்ய இயலாத மன்றம், கட்டாயச் செலவுகள் தவிரப் புதிய செலவுகளை நிறுத்துவதாக அறிவிக்கும் ஆவணம் அது. இதைவிட வறண்ட கருவூலத்தைக் காட்டுதல் அரிது. ஆயினும் 36 நூலகங்களில் 21ஐக் கைவிடும் அதன் முடிவு சட்டத்துக்கு மாறானது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நூலகச் சேவையை முழுமையாகவும் திறம்படவும் நடத்துவது உள்ளாட்சியின் கடமை என 1964ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்க, அது விருப்பச் செலவாக இருக்க முடியாது.

ஊதியமில்லாத் தொண்டர்களே நடத்தட்டும் என்ற யோசனையை நீளமாக மறுக்க வேண்டியதில்லை. ஓய்வூதியமும் ஓய்வுநேரமும் உள்ளோர் நிறைந்த வசதியான ஊரில் அது ஓரளவு நடக்கும். இரண்டு வேலை பார்த்துக் குடும்பம் நடத்துவோர் வாழும் தெருவில், அதாவது நூலகம் மிகவும் தேவைப்படும் இடத்தில், நடக்காது. ஆக்ஸ்ஃபோர்டுஷயர் 43 நூலகங்களில் 20க்கு நிதியை நிறுத்த முனைந்தபோது எழுத்தாளர் பிலிப் புல்மன் 2011இல் இதைக் கடுமையாகச் சாடினார். அத்திட்டம் பின்னர் திருத்தப்பட்டது.

எதிர்ப்புகள் பல தோற்றன என்பது மட்டும் மறுக்கவியலாதது. லண்டனின் பிரென்ட் பகுதியில் ஆறு நூலகங்களைக் காக்கத் தொடுத்த வழக்கு, மேல்முறையீட்டிலும் 2011 டிசம்பரில் தோற்றது. அவற்றுள் ஒன்றான, 1900இல் மார்க் ட்வெயின் திறந்துவைத்த கென்சல் ரைஸ் நூலகத்தின் நூல்களை, 2012 மே மாதம் ஒருநாள் விடியுமுன் காவலர் துணையோடு மன்றப் பணியாளர் அகற்றினர். ஆனால் இத்தோல்வி மக்களின் வாதத்தில் இருந்த பிழையைக் காட்டவில்லை; சட்டம் கடமையை விதித்துவிட்டு அதற்கென நிதியை ஒதுக்காமல் விட்டதையே காட்டுகிறது. 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து மதிப்பில் ஒரு பவுனுக்கு ஒரு பென்னி வரை நூலகத்துக்கென வசூலிக்க அந்நாட்டு நகரங்களுக்கு உரிமை இருந்தது. 1919இல் அவ்வரம்பு நீங்கி, பின்னாளில் அவ்வரி பொது வரியில் கரைந்தது. 1924இல் லண்டன் சென்று நூலகவியல் பயின்று திரும்பிய எஸ். ஆர். அரங்கநாதனின் முயற்சியால் உருவான 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமோ, சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி என்ற ஒன்றைத் தனியே நிறுவியது. வசூலான அவ்வரியை உள்ளாட்சிகள் நூலகத்துக்கு உரிய காலத்தில் செலுத்துவதில்லை என்ற குறை தமிழ்நாட்டில் நெடுநாளாக உண்டு. எனினும் செலுத்துக என்று கேட்பதற்கு இங்கே ஒரு கணக்குத் தலைப்பாவது இருக்கிறது. அரங்கநாதன் பாடம் கேட்ட நாட்டில் இன்று அதுவும் இல்லை.